நிமிர்த்திய அச்சு

காலி வண்டியைக் கொண்டுபோனால் பட்டறைக்காரர் தராசு திருப்பி அனுப்பிவிடுவார். எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் சரி.

அன்று காலையும் அப்படித்தான். பட்டறைக் கதவைத் திறந்து அரை மணிகூட ஆகவில்லை, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் காரின் பின்னால் கேரவனை மாட்டி இழுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். கேரவன் என்றதும் நடிகர்கள் உட்கார்ந்து மேக்கப் போடும் பெரிய வண்டியை நினைத்துவிட வேண்டாம். இது காருக்குப் பின்னால் உருண்டு போகிற சின்ன வீடு. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, துணி அலமாரி எல்லாம் உள்ளே உண்டு. அத்தனையையும் தாங்குவது அடியில் இருக்கும் ஒரே ஒரு அச்சும் இரண்டு சக்கரமும்தான்.

"நாளன்னிக்குக் கிளம்பறோம். ஸ்பிரிங், வீல் அலைன்மெண்ட் எல்லாம் பாத்துக் கொடுத்துடுங்க," என்றார் அந்த ஆள்.

தராசு கேரவனுக்குள் எட்டிப் பார்த்தார். கட்டிலில் விரிப்புகூட இல்லை.

"சாமானெல்லாம் எங்க?"

"வீட்ல இருக்கு. செக் பண்றதுக்கு எதுக்குங்க சாமான்?"

"ஏங்க, உங்களுக்குச் சட்டை தைக்கணும்னா நீங்க போய் அளவு கொடுப்பீங்களா, பக்கத்து வீட்டுக்காரரை அனுப்புவீங்களா?"

அந்த அம்மா வாய்க்குள் சிரித்தார். புருஷனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"தொட்டியில தண்ணி ஊத்துங்க. காஸ் சிலிண்டரை வைங்க. அம்மா எடுத்துட்டுப் போற துணிமணி, நீங்க அம்மாவுக்குத் தெரியாம உள்ள தள்ளுற தூண்டில் பெட்டி, எல்லாத்தையும் ஏத்திட்டு மத்தியானம் வாங்க. நாய் இருக்கா?"

"இருக்கு. அது கார்லதான் வரும்."

"காருக்கு மட்டும் முதுகு வலிக்காதா? அதையும் கூட்டிட்டு வாங்க."

வழக்கமாக இந்த இடத்தில் தராசு கையை உயர்த்திச் சுவரைக் காட்டுவார். அங்கே ஆணியில் ஒரு கிழிந்த டயர் தொங்குகிறது. உள் ஓரம் தேய்ந்து, நூல் பிய்ந்து, வாய் பிளந்த டயர். "அதிகமா ஏத்தினா என்ன ஆகும்னு பாத்துக்குங்க. இது வேற யாரோட டயரும் இல்ல, என் தங்கச்சி மாப்பிள்ளையோடது," என்பார். கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டு போய்ச் சொன்னபடி செய்வார்கள்.

அன்று கை பாதி உயர்ந்து, அப்படியே இறங்கிவிட்டது. முந்தின நாள் தங்கச்சி ஃபோன் செய்திருந்தாள். "அண்ணே, நாங்க மறுபடியும் கேரவன் வாங்கியிருக்கோம். நாளைக்குப் பதினோரு மணிக்கு உன் பட்டறைக்கு வரோம்."

அந்தப் பட்டறைக்குள் அவள் கால் வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது.

தராசு என்பது ஊர் கூப்பிடும் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் மின்சார ரசீதில் மட்டும் இருக்கிறது. பள்ளிக்கூடம் அவருக்கு நாலாம் வகுப்போடு சரி. ஒன்பது வயதில் ஒரு லாரிப் பட்டறையில் கிரீஸ் துணியோடு துணியாகக் கிடந்தவர், முப்பது வயதில் சொந்தமாகத் தகரக் கொட்டகை போட்டார். கொட்டகையின் ஆறு தூண்களும் அவரே வெல்டிங் வைத்தவை. சுவரோரம் நிற்கிற ஐம்பது டன் பிரஸ், பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துப் பிணமாகக் கிடந்தது. தூக்கி வந்து உயிர் கொடுத்தார். இன்றைக்கும் தண்டவாளத்தை வைத்தால் வளைத்துக் கொடுக்கும். "எனக்கு யாரும் ஏணி போடல. நானே ஏணி செஞ்சேன், நானே ஏறினேன்," என்று அவர் சொல்வதைத் தற்பெருமை என்பவர்கள், அந்தத் தூண்களில் ஒன்றை உலுக்கிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

பத்துப் பேர் பார்த்துக் கைவிட்ட லாரியைக்கூட அவர் படுத்துக்கொண்டே பார்த்துச் சொல்லிவிடுவார். அடியில் போய் மல்லாந்து படுத்து, ஸ்பிரிங் பட்டையை விரலால் ஒரு தட்டு தட்டுவார். "மூணாவது பட்டையில விரிசல்." கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பட்டையில்தான் இருக்கும்.

அப்படிப்பட்டவருக்குப் புத்தகம் படிக்கிறவர்களைக் கண்டால் ஒரு இளக்காரம். அதிலும் தங்கச்சிக்கு வாய்த்த மாப்பிள்ளை நூலகத்தில் வேலை பார்ப்பவர். மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. ஒரு ஸ்குரூவை முடுக்குவதற்கு முன்னால்கூடக் கையேட்டைத் தேடுவார். தராசு அவரைக் கூப்பிடுவதே "புஸ்தகம்" என்றுதான்.

"என்ன புஸ்தகம், இன்னிக்கு எத்தனாம் பக்கம்?"

"உங்களை மாதிரி ஆளு வர்ற பக்கம் மச்சான். படம் மட்டும்தான் இருக்கு, எழுத்தே இல்ல."

இப்படி ஆளுக்கு ஆள் வாரிக்கொள்வார்கள். ஆனால் மனசுக்குள் இருவருக்கும் ஒருத்தர் மேல் ஒருத்தருக்கு மரியாதை உண்டு. மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. மச்சான் இரும்பைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டால் அவருக்கு அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த மாப்பிள்ளை முதல் கேரவனை வாங்கினார். தராசின் பட்டறைக்குள் வந்த முதல் கேரவனும் அதுதான். அதுவரை அவர் கை லாரியைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. இருந்தாலும் தங்கச்சி போகப்போகிற வண்டி, இன்னொருத்தன் கைபடலாமா? ஜாக்கி வைத்துத் தூக்கினார். அடியில் போய்ப் படுத்தார். அச்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அடிப்பக்கமாக நூல் பிடித்தார். நடுவில் நூலுக்கும் இரும்புக்கும் இடையே ஒரு விரல் கனத்துக்குச் சந்து.

"மாப்ள! உங்க தலையில கோணல் அச்சைக் கட்டிட்டாங்க. நடு முதுகு கூனியிருக்கு பாருங்க."

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். "கையேடு வீட்ல இருக்கு மச்சான். ஒரு தடவை பாத்துட்டுச் செய்யலாமே?"

"இரும்பு என்கிட்ட நேராவே பேசும். நடுவுல மொழிபெயர்ப்பு வேணாம்."

சொன்ன கையோடு அச்சைக் கழற்றினார், பிரஸ்ஸில் வைத்தார், அமுக்கினார். நூல் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இரும்போடு ஒட்டிக்கொள்கிற வரைக்கும் விடவில்லை. "இந்தாங்க, அடிஸ்கேல் மாதிரி ஆக்கிட்டேன்," என்று தட்டிக் கொடுத்தார். தங்கச்சிக்கு அன்றைக்கு முகமெல்லாம் பூரிப்பு.

அவள் வீட்டிலேயே துணி தைப்பவள். ஜன்னல் திரையிலிருந்து பள்ளிச் சீருடை வரை அவள் கைபட்டால் தையல் ஓடுவது தெரியாது. போகிற இடத்தில் சும்மா உட்காரப் பிடிக்காமல் தையல் மெஷினையும் எடுத்து வர வேண்டும் என்றாள். மரப்பெட்டியோடு கனமான பழைய மெஷின். மாப்பிள்ளை அதைக் கேரவனின் பின்பக்க அலமாரியில் வைத்தார்.

இரண்டு வாரம் சுற்றினார்கள். திரும்பி வரும்போது ஒரு மலை இறக்கத்தில் கேரவனின் இடது டயர் வெடித்தது. கேரவன் ஒருபக்கம் சாய்ந்து, காரையும் சேர்த்து இழுத்துப் போய்ப் பாறையில் அடித்தது. மாப்பிள்ளைக்கு நெற்றியில் ஒரு கீறல். தங்கச்சியின் கை கதவுக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கை பிழைத்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. ஊசியில் நூல் கோக்கிற விரல்கள்.

செய்தி கேட்டுத் தராசு போய்ச் சேர்ந்தபோது, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சொந்தபந்தம் அத்தனையும் கூடியிருந்தது. அவர் வெடித்த டயரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். உள் ஓரம் நூல் தெரியத் தேய்ந்திருந்தது. எல்லார் முகமும் அவரையே பார்த்தது; இரும்புச் சமாசாரத்துக்கு அவர்தானே தீர்ப்பு சொல்ல வேண்டும்?

"அளவுக்கு மேல ஏத்தினா இப்படித்தான் ஆகும்," என்றார் தராசு. "தையல் மெஷினைக் கொண்டுபோய் வண்டியோட வால்ல வச்சிருக்காரு. எந்தப் புஸ்தகத்துல படிச்சாரோ!"

மாப்பிள்ளை தலைநிமிரவில்லை. அன்றோடு அவர் வண்டி ஓட்டுவதை விட்டார். நூலகத்துக்குப் பஸ்ஸில் போய் வந்தார்.

தராசு சும்மா இருக்கவில்லை. இன்னொரு குடும்பத்துக்கு இந்தக் கதி வரக்கூடாது என்று மூன்று எடைத்தட்டு வாங்கினார். சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு, கேரவனின் மூக்கு, அதாவது காரோடு மாட்டுகிற முன்முனை, அதற்கு ஒன்று. லாரி வேலையைக் குறைத்துக்கொண்டு கேரவனைப் பிடித்துக்கொண்டார். வெடித்த டயரைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினார். பேர் பரவியது. நாலு ஊர் தள்ளியிருந்தெல்லாம் வண்டி வந்தது. அவர் பார்த்து அனுப்பிய வண்டி எதுவும் நடுவழியில் நின்றதாக இதுவரை சேதி இல்லை.

இப்படியே இரண்டு வருஷம் போனது. எடை போடுவதும் ஸ்பிரிங்கும் பிரேக்கும்தான் வேலை; அச்சில் நூல் பிடிக்கிற அவசியம் வரவில்லை. வியாபாரம் பெருத்ததால் முதல்முறையாகக் கம்பெனியிலிருந்து நேரடியாகப் புது அச்சுகள் வரவழைத்தார். நான்கு வந்தன. பிளாஸ்டிக் சுற்றைப் பிரித்துத் தரையில் வரிசையாக வைத்தார். பழக்க தோஷம், நூலை எடுத்து அடியில் பிடித்தார். நடுவில் ஒரு விரல் கனம் சந்து.

"அட, கோணலை அனுப்பிட்டான்!" என்று இரண்டாவதை எடுத்தார். அதிலும் ஒரு விரல். மூன்றாவதிலும். நான்காவதை அவர் எடுக்கவில்லை.

நான்கு அச்சு ஒரே அளவில் கோணாது. அது தெரிய நாலாம் வகுப்பே போதும். சுமை ஏறினால் இரும்பு நடுவில் தொய்யும். அதற்காகவே நடுவைக் கொஞ்சம் மேலே தூக்கிச் செய்கிறார்கள். பாரம் உட்கார்ந்ததும் நேராகும். காலியாக இருக்கிறபோதே நேராக்கிவிட்டால்? பாரம் ஏறியதும் தொங்கும். சக்கரங்களின் தலை உள்ளே சாயும். சாய்ந்த டயர் உள் ஓரத்தில் மட்டும் ஓடும்.

சுவரில் தொங்கிய டயரை அவர் திரும்பிப் பார்த்தார். உட்கார முக்காலி தேடினார். பக்கத்தில்தான் இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் காலி வண்டியைப் பார்ப்பதில்லை என்ற விதி வந்தது. கேட்டவர்கள் அதை அவருடைய கெட்டிக்காரத்தனம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவரும் மறுக்கவில்லை. டயரைக் கழற்றலாம் என்று எத்தனையோ தடவை ஆணிக்குப் பக்கத்தில் போனார். ஏன் கழற்றினீர்கள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? டயர் அங்கேயே இருந்தது. மாப்பிள்ளையைக் காட்டிச் சொல்கிற கதையும் அப்படியே இருந்தது, கொஞ்சம் குரல் இறங்கி. தங்கச்சி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் படியேறுவார். ஒரு பை நிறையப் பழத்தைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்துவிடுவார். ஒன்பது வருஷம்.

பதினோரு மணிக்குச் சொன்னபடி வந்தார்கள். மாப்பிள்ளையேதான் ஓட்டி வந்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தபடி நடைவேகத்தில் வந்தார். பின்னால் ஒரு கேரவன். பழைய வண்டியே எழுந்து வந்த மாதிரி, அதே பச்சைக் கோடு, அதே ஜன்னல்.

"அதே மாதிரிதான் வேணும்னு ஒரு வருஷம் தேடினாருண்ணே," என்றாள் தங்கச்சி இறங்கிக்கொண்டே. "பழசுதான். கையேடுகூட இல்ல. அதுக்கே பாதி அழுதுட்டாரு."

"வாங்க மாப்ள. வா பாப்பா," என்றார் தராசு. அறுபதை நெருங்கிவிட்டாள், இருந்தாலும் அவருக்கு அவள் பாப்பாதான். 'புஸ்தகம்' என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. மாப்பிள்ளை அதைக் கவனித்துவிட்டார்.

"என்ன மச்சான், மரியாதையெல்லாம் பலமா இருக்கு? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

கேரவனின் கதவைத் திறந்தார்கள். உள்ளே பார்த்துத் தராசு அசந்துபோனார். போர்வை, பாத்திரம், மடக்கு நாற்காலி, மழைக்கோட்டு, இருபது புத்தகம் கட்டி வைத்த பெட்டி. பின்பக்க அலமாரியில் அதே தையல் மெஷின், துடைத்துப் பளபளவென்று.

மாப்பிள்ளை பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். அட்டை நைந்து, முதுகில் ஒட்டுத்துணி போட்ட நோட்டு.

"மச்சான், ஊருக்குப் போறது அப்புறம். முதல்ல ஒரு உதவி. அன்னிக்கு வண்டியில என்னென்ன ஏத்தினோமோ, ஒண்ணு விடாம இதுல எழுதி வச்சிருக்கேன். ஒவ்வொண்ணையும் வீட்ல எடை போட்டேன். கூட்டிப் பாத்தா அளவுக்குள்ளதான் வருது. எத்தனை தடவை கூட்டினாலும் அப்படித்தான் வருது."

"அப்படியா," என்றார் தராசு.

"வீட்டுத் தராசு பொய் சொல்லுதுன்னு மாத்தினேன். மூணு தராசு மாத்தியாச்சு. அதான், அதே மாதிரி வண்டியை வாங்கி, அதே சாமானை அதே இடத்துல வச்சு, தொட்டியில தண்ணிகூட அன்னிக்கு மாதிரியே பாதி ஊத்தி, உங்ககிட்டயே கொண்டாந்துட்டேன். நீங்க போட்டுச் சொல்லுங்க. எத்தனை கிலோ அதிகமா ஏத்தினேன்னு ஒரே ஒரு தடவை தெரிஞ்சா போதும். அது தெரியாம இன்னொரு தடவை இவளை வண்டியில உக்கார வச்சு ஊர் தாண்டி ஓட்ட எனக்குத் தைரியம் இல்ல."

தங்கச்சி வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மெஷினை எடுக்கச் சொன்னது நான். அதையும் சேத்துக்கச் சொல்லு."

தராசு எடைத்தட்டுகளை எடுத்தார். அவர் வேலை செய்யும்போது வாய் ஓயாது. அன்று தட்டை இழுக்கிற ஓசை மட்டும்தான். காரிலிருந்து கேரவனைக் கழற்றி, இடது சக்கரத்தைத் தட்டில் ஏற்றினார். அறுநூற்றுப் பன்னிரண்டு. வலது, ஐநூற்றுத் தொண்ணூற்றெட்டு. மூக்கு, அறுபத்தெட்டு. ஒவ்வொன்றாகச் சொன்னார். மாப்பிள்ளை நோட்டில் எழுதிக்கொண்டார். கேரவனின் கதவோரம் அடித்திருந்த சின்னத் தகட்டில் மொத்த எடை ஆயிரத்து முந்நூறைத் தாண்டக்கூடாது என்று பொறித்திருந்தது.

மாப்பிள்ளை கூட்டினார். மறுபடியும் கூட்டினார்.

"ஆயிரத்து இருநூத்து எழுபத்தெட்டு. இருபத்திரண்டு கிலோ கம்மி."

"மூக்குல அறுபத்தெட்டு நல்ல பாரம்," என்றார் தராசு. "வால்ல அதிகமா வச்சிருந்தா மூக்கு லேசாகி வண்டி ஆட்டம் போடும். மெஷின் அங்க இருந்தும் இது சரியாத்தான் இருக்கு."

"அப்ப எப்படி வெடிச்சுது?" மாப்பிள்ளை நோட்டைப் பார்த்தார், சுவரில் தொங்குகிற டயரைப் பார்த்தார். அவர் முகத்தில் நிம்மதி வர வேண்டிய இடத்தில் இன்னொரு பயம் வந்து உட்கார்ந்தது. "டயர் பழசா இருந்திருக்குமோ? வாங்கினப்பவே புதுசு மாத்தியிருக்கணும், நான்தான் கவனிக்காம விட்டுட்டேனோ? அதான் இருக்கும், இல்ல மச்சான்?"

ஒரு தலையசைப்பு போதும். டயர்தான் என்று ஆகிவிடும். டயர் போய்ச் சாட்சி சொல்லாது. மாப்பிள்ளையே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வா வா என்கிறார்.

தராசு கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"டயர் நல்ல டயர் மாப்ள. நீங்க ஏத்தினதும் சரி, வச்ச இடமும் சரி. நான் அச்சை நிமிர்த்தினேன்ல, அதான் தப்பு."

"கோணலா இருந்துச்சுன்னுதானே நிமிர்த்தினீங்க?"

"அது கோணல் இல்ல. அப்படித்தான் செய்வாங்க. பாரம் ஏறினா நேராகணும்னு மேல தூக்கிச் செய்வாங்க. நான் காலி வண்டியில நூல் பிடிச்சுப் பாத்துட்டு, கூன்னு நினைச்சு பிரஸ்ல வச்சு அமுக்கிட்டேன். நீங்க சாமான் ஏத்தினதும் கீழ தொங்கிருச்சு. சக்கரம் உள்ள சாஞ்சு, அந்த ஓரம் தேஞ்சே வெடிச்சிருக்கு. கையேட்டைப் பாத்துட்டுச் செய்யலாம்னு சொன்னீங்க. நான்தான் கேக்கல."

கொட்டகைத் தகரத்தின் மேல் வெயில் ஏறி, எங்கோ ஓர் ஆணி டிக்கென்று விரிந்தது.

கேட்டது தங்கச்சிதான். "உனக்கு எப்பத் தெரியும்?"

பொய்க்கு அங்கேயும் இடம் இருந்தது. நேற்றுத்தான் என்று சொல்லலாம்.

"ஒன்பது வருஷமா."

மாப்பிள்ளை நோட்டை மூடினார். பேனாவை மூடிப் பையில் குத்தினார். வெளியே போய்க் கேரவனின் படியில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தேவலை. அந்த ஒட்டுத்துணி நோட்டு அவர் மடியில் கிடந்தது.

தங்கச்சி சுவர் பக்கம் நடந்தாள். டயரின் தேய்ந்த ஓரத்தை மடங்காத விரல்களால் தடவினாள்.

"இதைக் காட்டி எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பே?"

"எண்ணிக்கை இல்ல பாப்பா."

"அவரைச் சொல்லியா?"

"என் மாப்பிள்ளைன்னு சொல்லி."

"தினமும் சாப்பிட்டு முடிச்சதும் அந்த நோட்டைத் தூக்கிட்டு உக்காருவாரு. கூட்டுவாரு. நான் மெஷினைத் துடைச்சுக்கிட்டே பாத்துக்கிட்டு இருப்பேன். நீ பழம் வாங்கிட்டு வந்தே." அவள் குரல் உயரவே இல்லை. "கைக்காக நான் உன்னை ஒண்ணும் கேக்கல. வேணும்னு செய்யல, நீ செஞ்சது ஆசையில செஞ்சது. ஆனா இந்த ஒன்பது வருஷத்துக்கு நீ பதில் சொல்லித்தான் ஆகணும். அன்னிக்கு ஆஸ்பத்திரியில அத்தனை பேர் முன்னாடிதானே சொன்னே?"

"ஆமா."

"அப்ப இதையும் அத்தனை பேர் முன்னாடி சொல்லு. ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போ. இந்த டயரைக் கழட்டாதே. யார் வந்தாலும் காட்டு. உன்னைச் சொல்லிக் காட்டு."

தராசு தலையாட்டினார். அதற்குள் வாசலில் ஹாரன் கேட்டது. காலையில் வந்த புருஷன் பெண்டாட்டி, கேரவனில் சாமானும் காரில் நாயுமாக வந்துவிட்டார்கள். அந்த ஆள் இறங்கியதும் இறங்காததுமாக, "எல்லாத்தையும் ஏத்தியாச்சு. தூண்டில் பெட்டியைக்கூட இவ கண்டுபிடிச்சிட்டா, உங்களாலதான்," என்றார். தராசு சிரிக்கவில்லை என்பதைக் கண்டு அவர் சிரிப்பும் நின்றது.

"முதல்ல இங்க வாங்க," என்று தராசு அவர்களைச் சுவருக்குப் பக்கத்தில் கூட்டிப்போனார். ஆணியிலிருந்து டயரை எடுத்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். பதினோரு வருஷமாகச் சொல்லிப் பழகிய வாய்தான். அன்றைக்கு அந்த முதல் சொல்லுக்கே முட்டியது.

"இந்த டயர் என் மாப்பிள்ளையோடது. அவர் அளவுக்கு மேல ஏத்தினார்னு இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன். அவர் ஏத்தல. காலி வண்டியைப் பாத்துட்டு, நல்ல அச்சை நான் கெடுத்தேன். என் தங்கச்சி கை போச்சு. அதோ நிக்கிறா. அவர் அங்க உக்காந்திருக்காரு. அதனாலதான் உங்களைச் சாமானோட வரச் சொன்னேன்."

அந்த அம்மா தங்கச்சியின் கையைப் பார்த்தார், உடனே வேறு பக்கம் பார்த்தார். அந்த ஆளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "எங்க வண்டியைப் பாப்பீங்களா, இல்ல வேற எங்கயாவது..." என்று இழுத்தார். நியாயமான கேள்விதான். நாற்பது வருஷத்தில் தராசிடம் யாரும் கேட்காத கேள்வி.

"அது உங்க இஷ்டம். வேற இடத்துல காட்டணும்னா நானே நல்ல ஆள் சொல்றேன்."

அவர்கள் தயங்கி நிற்கையில் கேரவன் படியிலிருந்து மாப்பிள்ளை எழுந்தார். சட்டையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். தராசின் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டறை மேசையில் கிடந்த நூல்கண்டை எடுத்தார்.

"மச்சான், எங்க வண்டி அச்சு பாக்கணும். பாரத்தோட ஒரு தடவை, தூக்கி ஒரு தடவை. ஒரு முனையை நான் பிடிக்கிறேன். சரியா இருக்கா இல்லையான்னு நான்தான் சொல்லுவேன்."

"நீங்களே சொல்லுங்க," என்றார் தராசு.

இரண்டு பேரும் கேரவனின் அடியில், ஆளுக்கு ஒரு பக்கமாகப் போய் மல்லாந்து படுத்தார்கள். மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை அதற்கு மேல் சட்டையாக உதவாது. நூலை இழுத்துப் பிடித்தார்கள். மேலே போர்வையும் பாத்திரமும் இருபது புத்தகமும் தையல் மெஷினும் பாரமாக உட்கார்ந்திருந்தன. மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, முனையிலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து முனைக்குக் கண்ணை ஓட்டினார். அவசரப்படவில்லை. காலையில் வந்த புருஷனும் பெண்டாட்டியும் போகாமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒட்டியிருக்கு," என்றார். "இப்ப தூக்குங்க."

தராசு சட்டத்தின் அடியில் ஜாக்கியை வைத்து மெல்ல மிதித்தார். சக்கரம் தரையை விட்டு, அச்சின் மேலிருந்த பாரம் இறங்கியதும் மறுபடியும் போய்ப் படுத்து நூலைப் பிடித்தார். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அவருக்கு அது தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை தன் சுண்டுவிரலை அந்தச் சந்தில் விட்டுப் பார்த்தார். எடுத்தார். மறுபடியும் விட்டார்.

"என்னங்க, கிளம்பலாமா?" என்று வெளியே இருந்து தங்கச்சியின் குரல் கேட்டது.

மாப்பிள்ளை நூலோரமாக இன்னொரு தடவை கண்ணை ஓட்டினார். தராசு தன் பக்கத்து நூலை விரல் நோக இழுத்துப் பிடித்தபடி, அவர் சொல்வதற்காகக் காத்துக் கிடந்தார்.

"இருக்க வேண்டிய கூன் இருக்கு," என்றார் மாப்பிள்ளை கடைசியில். "கிளம்பலாம். மெஷின் இருந்த இடத்துலயே இருக்கட்டும்."